படத்துக்கு இடது பக்கம்

தோடு ஏற மறுத்தது. பெரியவள் தங்கையின் வலது காதை விரல் நுனியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாக முயன்றாள். மருத்துவமனையில் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த தோடு. மூன்று நாளில் காதுத் துளை தூர்ந்துவிடாது, தான்தான் கோணலாகக் குத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியும். "கொஞ்சம் ஆடாம இருடி" என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

சின்னவளுக்கு முப்பத்திரண்டு வயது. மருந்துக் கடையில் வேலை. ஊர்க் காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள், வியாழன் விடிந்தபோது இல்லை. பெட்டி ஹாலில் தயாராக இருந்தது. நான்கு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி பதினொன்று.

நான்காவது தடவையில் தோடு உட்கார்ந்தது. பெரியவள் தங்கையின் முகத்தைச் சற்று விலகி நின்று பார்த்தாள். மூக்கு, நெற்றி, கொஞ்சம் தூக்கலான கன்னம், எல்லாம் அழகுதான். படுத்துக் கிடக்கும்போதும் இவள் அழகாகத்தான் இருந்தாக வேண்டுமா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் அதை அடித்துத் துரத்தினாள். அது நாயைப் போல நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டது.

கதவருகே ஃபோட்டோக்காரர் வந்து நின்றார். பெரியவளின் புருஷன். நேரில் "மாப்பிள்ளை" என்றாலும், முதுகுக்குப் பின்னால் மாமியாருக்குக்கூட அவர் ஃபோட்டோக்காரர்தான்.

"பெட்டி பக்கத்துல வைக்க ஒரு படம் வேணும்னு எல்லாரும் கேக்கறாங்க. ஸ்டுடியோவுல இருக்கற அந்த ஏரிப் படத்தை எடுத்துட்டு வந்துடட்டுமா?"

"அது வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

கட்டில் காலடியில் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. "அதைவிட நல்ல படம் அவளுக்கு ஏதுடி? அதுல எப்படி இருப்பா எம் பொண்ணு."

"வேற நல்லதா நானே பார்த்து எடுத்துட்டு வரேம்மா." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சாவியைக் குடுங்க."

ஃபோட்டோக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். என்னவோ கேட்க வந்தவர் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார். அவர் அப்படித்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றால் மட்டும் வாய் ஓயாது.

ஸ்டுடியோ இரண்டு தெரு தள்ளி இருந்தது. பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். வழியில் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நல்ல வேளை, ஒன்றும் பேசவில்லை. இதே தையல்காரம்மா ஒருநாள் ஏரிப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு, "உன் வீட்டுக்காரர் கண்ணுக்கு உன் தங்கச்சி எப்படித் தெரியறா பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டாகச் சொன்னதோ, வேண்டுமென்றே சொன்னதோ, காதில் விழுந்தது விழுந்ததுதான். நாலு வருஷமாக அது அங்கேயே கிடக்கிறது.

ஃபோட்டோக்காரர் அவுட்டோர் ஆள். நாலு சுவருக்குள் விளக்கு வைத்து எடுப்பதெல்லாம் அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு. ஆளை வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவருக்கு உயிர் வரும். அதற்கென்று சில வேதவாக்குகள் வைத்திருந்தார். "ரெண்டு காலுக்கும் எடையைச் சமமாக் குடுத்தா அது பஸ்ஸுக்கு நிக்கறது. ஒரு காலுக்குக் குடுத்தா யாருக்கோ காத்துட்டு நிக்கறது" என்பார். "கண்ணுல மட்டும் ஃபோகஸ் வை. மரம் மட்டையெல்லாம் பின்னால கரைஞ்சு போகட்டும். அப்பதான் அந்த ஆளோட மனசு தெரியும். எல்லாமே தெளிவா இருந்தா அது படமில்ல, சாட்சி" என்பார்.

பெரியவளை அவர் எடுத்ததெல்லாம் சாட்சிதான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் எடுத்த படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஸ்டுடியோ திறந்த அன்று வாசலில் எடுத்த படத்தில் அவளும் தெளிவு, பலகையும் தெளிவு, பக்கத்தில் யாரோ நிறுத்தியிருந்த பைக்கின் நம்பர்கூடத் தெளிவு. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, பஸ் வருமா வராதா என்று நிற்பவளைப் போல நிற்கிறாள்.

தங்கையை எடுக்கும்போது மட்டும் உலகமே கரைந்துபோகும்.

காசு வாங்காமல் நிற்க ஆள் வேண்டும் என்றுதான் முதலில் சின்னவளைக் கூப்பிட்டார். லீவு நாளில் மூவருமாக வேனில் கிளம்பிப் போவார்கள். அவர் தூரத்தில், எட்ட இருக்கும் முகத்தை மட்டும் கிட்டே இழுத்துக் காட்டும் லாங் லென்ஸோடு நிற்பார். சின்னவள் பாறையிலோ மரத்தடியிலோ நிற்பாள். படத்துக்குள் வராமல், ஆனால் அவளுக்குப் பக்கத்திலேயே, வெள்ளித் துணி போர்த்திய பெரிய வட்டத் தட்டைப் பிடித்துக்கொண்டு பெரியவள் நிற்பாள். வெயிலை அதில் வாங்கித் தங்கை முகத்தில் விடுவது அவள் வேலை. தட்டை ஒரு விரற்கடை சாய்த்தால் தங்கையின் கண்ணில் விளக்கு எரியும், நிமிர்த்தினால் அணையும். பூனைக்கும் தோழி, பாலுக்கும் காவல் என்று அவளே தன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டதுண்டு. சிரிப்பு போகப் போகக் குறைந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பயனில்லை.

ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். கண்ணாடி அலமாரியில் அந்தப் படம் இருந்தது. ஆள் உயரத்தில் பாதி. தினமும் காலையில் அவள்தான் அதைத் துடைப்பாள்.

ஏரிக்கரைப் பாறையில் சின்னவள் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். முன்னால் வைத்த கால் மண்ணில் அழுத்தமாக ஊன்றியிருக்கிறது. வலது கை பாறையைவிட்டுச் சற்றே எழும்பி, காற்றில் எதையோ தொடப்போவதுபோல நிற்கிறது. பின்னால் ஏரி வெறும் நீலப் புகை. கண்கள் மட்டும் ஊசியால் கீறினாற்போல அவ்வளவு துல்லியம். அவை கேமராவைப் பார்க்கவில்லை, இடது பக்கம் தள்ளி எங்கேயோ பார்க்கின்றன. அந்தப் பார்வையில் இருந்த பரிவைத்தான் பெரியவளால் நாலு வருஷமாகத் தாங்க முடியவில்லை. நேராகப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று தள்ளிப் பார்க்கிறாள் திருடி. அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போன நாள். ஒரு வீச்சில் தட்டு பாய்மரம்போல இழுக்க, பெரியவள் சரிந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வரை சேறு. தட்டு முகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தது. கேமரா மட்டும் டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்ததைக் காற்றுவாக்கில் கேட்டாள். கட்டின பெண்டாட்டி விழுந்து கிடக்கிறாள், மனுஷன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வேனுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணியும் ஏரிக்கரையில் அவர்கள் இருவர் மட்டும். படம் அந்த அரைமணியில் எடுத்ததுதான் என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள். தட்டு இல்லாமல், அவள் இல்லாமல்.

அதற்குப் பிறகு சின்னவள் படத்துக்கு நிற்க வரவில்லை. "லீவு இல்லக்கா" என்றாள். வீட்டுக்கு வருவதும் குறைந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள். கூப்பிடவும் இல்லை.

கம்ப்யூட்டரைப் போட்டாள். வேறு ஒரு படம் வேண்டும். எல்லாம் தெளிவாக இருக்கிற, இரண்டு காலில் சமமாக நிற்கிற, ஊரார் பார்த்துவிட்டு "பாவம், நல்ல பொண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சாட்சிப் படம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வருஷம் வருஷமாகத் தேடினாள். மருந்துக் கடை ஆண்டு விழாவில் எடுத்த ஒன்று கிடைத்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மாத்திரை அலமாரி முன்னால் நிற்கிறாள். பின்னாலிருக்கும் டப்பாக்களின் பெயரெல்லாம் படிக்க முடிந்தது. இது போதும், இதையே ப்ரிண்ட் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் கை போகவில்லை. அந்த வருஷத்து ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. அதில் 'ஏரி' என்று ஒன்று. நாலு வருஷத்தில் ஒருநாளும் அவள் அதைத் திறந்ததில்லை. திறந்தால் என்ன இருக்குமோ என்ற பயம். இனி யாரிடம் சண்டை போட முடியும்? பார்த்தாவது தொலைப்போம் என்று திறந்தாள்.

எடுத்த வரிசையிலேயே படங்கள் வந்தன, கீழே நேரத்தோடு. முதல் இருபது படத்தில் சின்னவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். பார்த்ததும் பெரியவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "டாக்டர் சீட்டு இருக்கா சார்?" என்று கேட்கிற முகம். மருந்துக் கடை கவுண்டர் முகம். அடுத்து அவர் திருப்பி உட்கார வைத்திருக்கிறார். "தோளை விடு, தாடையைக் கீழ கொண்டு வா, கையை முட்டி மேல வை." அவர் குரல் காதில் கேட்டது. தோள் இறங்கியிருக்கிறது, தாடை இறங்கியிருக்கிறது, கை முட்டிமேல் ஒழுங்காக இருக்கிறது. வெளிச்சம் அழகு, ஃபோகஸ் அழகு, ஏரி கரைந்து கிடப்பது அழகு. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது, ஐம்பது, அறுபது என்று படங்கள் போயின. அத்தனையிலும் தங்கை சொன்னபடி கேட்கும் பொம்மை. தன் புருஷனைப் பார்த்த கண்ணில் ஒரு பொட்டு ஆசை இருக்கிறதா என்று பெரியவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அலுப்புதான் இருந்தது.

அறுபத்திரண்டாவது படம் அது. கண்ணாடி அலமாரியில் இருப்பது.

நேரம் பதினொன்று இருபது. அவள் வேனுக்குப் போனது அதற்கும் பிறகு, சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் என்று ஞாபகம். அடுத்ததைத் தட்டினாள். அறுபத்து மூன்று: சின்னவள் பாறையிலிருந்து பாதி எழுந்திருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது. அறுபத்து நான்கு: முழுக்க மங்கல். இடது பக்கமாகப் பாய்ந்து ஓடும் ஓர் உருவம், முன்னால் நீட்டிய இரண்டு கை. அறுபத்தைந்து: ஆளில்லாத பாறை. ஃபோகஸ் மட்டும் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பாறையின் சொரசொரப்பெல்லாம் தெரிந்தது. கீழே ஒற்றைச் செருப்பு கிடந்தது.

அதற்கடுத்த படத்தின் நேரம் பன்னிரண்டே கால். அதில் வேன் நிற்கிறது, பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. நடுவில், அவள் புடவை மாற்றப் போயிருந்த அந்த அரைமணியில், ஒன்றுமே எடுக்கவில்லை.

பெரியவள் திரும்ப அறுபத்திரண்டுக்கு வந்தாள். பாறையைவிட்டு எழும்பிய அந்தக் கை. நளினம், நளினம் என்று ஊரே கொண்டாடின கை. அது எழுந்திருக்கத் தொடங்கிய கை. ஊன்றின கால் ஓடுவதற்கு ஊன்றின கால். இடது பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்?

ஓடிவந்து தட்டைத் தூக்கியபோது சின்னவள் சிரித்தாள். "எழுந்திரு அக்கா, ஏரிக்கு வலிக்கப் போகுது" என்றாள். அந்தச் சிரிப்புத்தான் பெரியவளுக்கு நினைவில் நின்றது. அதற்கு முன்னால் இருந்த முகத்தைத் தட்டு மறைத்துவிட்டது. நீட்டின கையைத் தள்ளிவிட்டு, "போடி, போய் உன் படத்துக்கு நில்லு" என்று இவள் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஒற்றைக் காலில் செருப்போடு தங்கை அப்படியே நின்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் படத்துக்கு நிற்கவில்லை.

ஷட்டர் சத்தம் கேட்டது. ஃபோட்டோக்காரர் குனிந்து உள்ளே வந்தார்.

"அத்தை அனுப்பினாங்க. நேரமாகுது."

அவள் திரும்பவில்லை. அவர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இது நான் விழுந்தப்ப எடுத்ததா?"

"ஆமா."

"நான் விழுந்து கிடக்கறேன், நீங்க பாட்டுக்கு எடுத்துட்டு இருந்தீங்க."

"நீ விழுந்தது எனக்கு எங்க தெரியும்? லாங் லென்ஸ்ல அவ முகத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது." அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அவ முகம் மாறுச்சு. அதைப் பார்த்துதான் உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. விரல் அது பாட்டுக்கு அமுக்கிடுச்சு. அப்புறம்தான் கேமராவைக் கீழ வச்சுட்டு ஓடி வந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"எதை?"

"அவ யாரைப் பார்க்கறான்னு."

ஃபோட்டோக்காரருக்கு உண்மையாகவே புரியவில்லை. "உனக்குத் தெரியாதா? நீதானே அங்க நின்ன?" என்றார். பிறகு, "நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், அறுபது படம் வீண். அவளா ஒண்ணு குடுத்தா. அது என் படம்னு சொல்லிக்கவே எனக்குக் கூச்சம்தான்" என்றார். "நீ என்ன நினைச்சே?"

"ஒண்ணுமில்ல."

அவர் வற்புறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். அழுதார். மூன்று நாளில் இப்போதுதான் அழுகிறார். அந்த அழுகையை நாலு வருஷத்துச் சந்தேகக் கண்ணோடு எடைபோட அவள் மனம் பழக்கதோஷத்தில் கிளம்பியது. போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிவந்தது. தான் இன்னும் அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். படம் கனமாக இருந்தது.

"குடு, நான் தூக்கிட்டு வரேன்."

"வேண்டாம். நானே கொண்டு வரேன்."

இரண்டு தெருவையும் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டே கடந்தாள். தையல்காரம்மா மறுபடி எழுந்து நின்றாள். இந்தத் தடவை பெரியவள் நின்று, படத்தை அவள் பார்க்கும்படி முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஹாலில் பெட்டியின் தலைமாட்டில் ஒரு மேஜை போட்டு அதன்மேல் படத்தை வைத்தார்கள். அம்மா படத்தைப் பார்த்து ஒரு குரல் எடுத்து ஓய்ந்தாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மருந்துக் கடை முதலாளி, கடையில் கூட வேலை பார்த்தவர்கள், கல்லூரித் தோழிகள், மாத்திரை வாங்க வந்து பழகிய கிழவர்கள். எல்லோரும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் படத்துக்கு நேர் எதிரே போய் நின்றார்கள். "யப்பா, என்ன பார்வை" என்றார் ஒருவர். படத்தின் கண்கள் அவரைத் தாண்டி இடது பக்கம் போயின.

இடது பக்கம் சமையலறைக்குப் போகும் வழி. அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். பெரியவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அங்கே போட்டாள். படத்திலிருக்கும் கண் ஆள் தேடித் திரும்பாது என்பது அத்தனை வருஷம் தட்டு பிடித்தவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் போட்டாள்.

"அங்க ஏன்டி மூலையில? நீ அக்கா, முன்னாடி வந்து உக்காரு" என்றாள் அம்மா.

"இங்கயே இருக்கேம்மா."

காப்பி டம்ளரோடு போகிறவர்களும் வருகிறவர்களும் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். ஃபோட்டோக்காரர் வந்து பக்கத்தில் நிற்கப் பார்த்தார். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவர் புரிந்துகொண்டவரைப் போலச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

மூன்றரை மணிக்கு அம்மாவுக்குத் தலை சுற்றியது. பெரியவள் உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முகத்தைத் துடைத்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். திரும்பி வந்தபோது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் சின்னவளோடு கவுண்டரில் நின்றவள். படத்தையே பார்த்துக்கொண்டு, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நாலு வருஷம் தினமும் சின்னவளோடு சாப்பிட்டவள், பேசியவள். அவளுக்கும் நிஜமான அழுகைதான்.

பெரியவள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"எழுந்திரும்மா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா..."

"அது என் இடம். எழுந்திரு."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் ஒரு நாற்காலிக்காகவா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் மிரண்டு எழுந்து விலகினாள். பெரியவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. அதைத் தரையோடு இழுத்து, இன்னும் ஒரு சாண் இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.